அக்காவின் ஊக்குச் செருப்பு

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஷூ கடை இருந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ பெரிய பெயர்தான். ஊர் அதைச் ‘சீனாக்காரர் கடை’ என்றே சொல்லும்.

கடைக்காரர் லியூவின் தாத்தா சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர். லியூ பிறந்தது சென்னையில். தமிழில்தான் பேரம் பேசுவார், தமிழில்தான் சிரிப்பார். கோபம் வந்தால் மட்டும் தாத்தா பேசிய ஹக்கா என்ற சீன மொழி. அவருடைய மகன் வென்னுக்குப் பத்து வயது. பள்ளியில் சேர்த்த அன்று டீச்சர் அவன் பெயரை ‘வெங்கட்’ என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் வெங்கட்டு.

வென்னுக்கு அம்மா இல்லை. தலை வாரிவிட்டது, வாய்ப்பாடு சொல்லித் தந்தது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் மெய்லிங் அக்காதான். அவள் இரண்டு வருடத்துக்கு முன்பு வேலை கிடைத்துக் கனடா போய்விட்டாள். சீனப் புத்தாண்டுக்கு வருவேன் என்றாள். போன வருடம் வரவில்லை. இந்தத் தை மாதமும் கடிதம்தான் வந்தது. ‘லீவு கிடைக்கவில்லை.’

வென் அதை நான்கு முறை படித்தான். ஐந்தாவது முறை எழுத்து தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை, பக்கத்தில் பூ விற்கும் காசியம்மாள் கடைக்கு வந்தாள். அவளுடைய சின்ன மகளுக்காக லியூ மிச்சத் தோலில் ஒரு ஜோடி ஷூ தைத்து வைத்திருந்தார்.

“காசு வேணாம். ஆனா சும்மா எடுத்துக்கினு போவாதே. கையில இன்னா கீதோ அதக் குடு.”

“இது இன்னா கூத்து, அண்ணாத்த?”

“எங்க வழக்கம். ஷூவைச் சும்மா குடுத்தா, வாங்கினவங்க நம்மள வுட்டு நடந்து போயிடுவாங்களாம். நீங்க போயிட்டா எங்கூட யாரு தினம் சண்டை போடறது?”

காசியம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு முழம் கனகாம்பரம் கிள்ளி அவர் கையில் வைத்தாள். கணக்குத் தீர்ந்தது. அவள் போனதும் வென் கேட்டான்.

“அப்பா, ஏர்போர்ட்ல அக்காவுக்கு நீதானே ஷூ குடுத்த? அவ இன்னா குடுத்தா?”

லியூவின் சுத்தியல் நின்றது.

“ஒன்னும் குடுக்கல. அவசரத்துல நானும் கேக்க மறந்துட்டேன். அதான்டா அவ...”

ஏற்கெனவே இறங்கியிருந்த ஆணியையே மறுபடி அடித்தார். அப்பா இத்தனை நாளும் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது வென்னுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று மாலை கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்தான். உள்ளே அக்காவின் பழைய ரப்பர் செருப்பு.

கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா அவனை மாமல்லபுரம் கூட்டிப்போனாள். அலைக்குப் பயந்து ஓடியதில் அவளுடைய இடது செருப்பின் வார் பிய்ந்தது. துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டு, பஸ் நிலையம் வரை விந்தி விந்தி நடந்தாள். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுநாள் ஏர்போர்ட்டில் அப்பா தந்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு, இந்தச் செருப்பை இவன் கையில் திணித்தாள். “பத்திரமா வெச்சிக்கோடா” என்றாள்.

அக்கா நினைப்பு வந்தால் வென் இந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். செருப்பின் பள்ளங்களில் கடற்கரை மணல் இன்னும் இருந்தது.

இன்று பார்த்தபோது அவன் துள்ளி எழுந்தான். அக்காதான் கொடுத்திருக்கிறாளே!

ஞாயிறு காலை, அடுத்த கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வழக்கம்போல் குரல் வந்தது. “கனடா போன்!”

வென் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்பாவுக்கு முன்னால் ரிசீவரைப் பிடித்தான்.

“அக்கா, ஏர்போர்ட்ல உன் செருப்பைக் குடுத்தியே, அது அப்பா குடுத்த ஷூவுக்குத்தானே? சும்மா குடுத்தா நடந்து போயிடுவாங்கன்னு அப்பா சொல்லுமே, அதுக்குத்தானே?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஆமாண்டா. அதுக்குத்தான். இன்னுமா அப்பா கையில குடுக்கல?”

“மறந்துட்டேன்க்கா. தப்பு என்னுதுதான்.”

வென் பையிலிருந்து செருப்பை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். லியூ அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரை வாங்கினார். வாராவாரம் அவர் கேட்பது இரண்டே கேள்விகள். சாப்பிட்டியா? குளுருதா? இன்று அவை இரண்டையும் விட்டுவிட்டார்.

“மெய்லிங், எப்பம்மா வர்றே?”

இரண்டு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“மே மாசம் லீவு கேட்டுக்கீறேன்ப்பா. குடுத்தா ஓடி வந்துடுவேன்.”

அன்றே லியூ ஊக்கைக் கழற்றிவிட்டுப் புது வார் மாட்டினார். மணலை மட்டும் துடைக்கவில்லை. கடையின் கண்ணாடி அலமாரியில், பளபளக்கும் ஷூக்களுக்கு நடுவே அந்தச் செருப்பை வைத்தார்.

மறுநாள் காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இன்னா அண்ணாத்த, பழைய செருப்பும் விக்க ஆரமிச்சிட்டியா? இன்னா வெல?”

லியூ வாயைத் திறப்பதற்குள் வென் முந்திக்கொண்டான்.

“அது விக்கறதுக்கு இல்லக்கா. அத்தப் போட்டுக்கறவங்க வருவாங்க.”