நீலப் படகில் நாலு கீறல்

"நகம் சிக்குதோ?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி பேரின்பநாதன் அக்னெஸிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. படகின் பக்கத்தில் கிடந்த கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னார். சிக்கினால் ஆழமான கீறல், அவரைக் கூப்பிட வேண்டும். சிக்காவிட்டால் மயிர்க்கீறல். தண்ணீர் தொட்டுச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, மெசினால் மினுக்கி, வாயை மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது அக்னெஸுக்குச் சிரமமில்லை. வகுப்பில் எழுந்து நின்று பிரெஞ்சில் பதில் சொல்லப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

இந்தக் கருநீலப் படகில் நாலு கீறல் இருந்தது.

லவால் நகரில், ஆற்றங்கரையில், குளிர்காலம் முழுவதும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் மூடிக் கட்டிய படகுகள் வரிசையாக நின்றன. ஏப்ரல் வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு கூடாரம். உள்ளே நின்றால் எங்கும் பால்போல வெளிச்சம், மினுக்கு மருந்தின் எண்ணெய் மணம், கூரையில் உருகிச் சொட்டும் பனியின் சத்தம். அவள் ஸ்ராண்டில் விளக்கைச் சாய்த்து வைத்து, சாண்ட்பேப்பர் தாளை வாளியில் நனைத்து, முதல் கீறலில் வைத்தாள். சர். சர். சர். கையை எடுத்தாள்.

சர்.

ஒரு இழுவை கூடுதலாகக் கேட்டது.

பக்கத்துக் கூடாரத்தில் வேலை செய்யும் வசீகரனாக இருக்கும் என்று வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அவன் வெளியே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தான்.

"வசீ அண்ணா, இப்ப நீங்களோ தேய்ச்சனீங்கள்?"

"நான் அரை மணித்தியாலமா இந்தக் காய்ஞ்ச பாணோட சண்டை பிடிக்கிறன். ஏன், உன்ர போட் உன்னோட கதைக்குதே?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"கதைச்சால் பதில் சொல்லு. எங்களோடதான் நீ கதைக்கிறேல்லை." அவன் எழுந்து கையைத் தட்டினான். "மருந்து முடிஞ்சுது, வாங்கப் போறன். பேந்து வாறன்."

அவனுடைய வான் புறப்பட்டுப் போன பிறகு கரையில் வேறு சத்தமில்லை.

மயிர்க்கீறலுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்பத் தெரியும். இந்த நாலும் தண்ணீர் பட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. நகத்தை இழுத்தாள். சிக்கவில்லை, கண்ணாடிபோல வழுக்கியது. கீறல் மேற்பூச்சின் மேலே இல்லை. அதற்கு அடியில் இருந்தது.

பேரின்பநாதன் வந்தபோது, இரண்டு நாளாக மனதுக்குள் கட்டி வைத்ததுபோல அந்த வார்த்தைகளைச் சொன்னாள்.

"அண்ணை, இது உள்ளுக்க கிடக்குது போல."

"நகம் சிக்குதோ?"

"இல்லை."

"பிறகென்ன கதை? பேசாலைக் கரையில வள்ளத்துக்குத் தார் பூசின ஆக்களைக் கொண்டந்து விட்டால் இப்பிடித்தான். போட்டைத் தடவிக்கொண்டு நிக்கிறாய், அது என்ன உன்ர புருசனே?" அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மூண்டு மணிக்குப் போட்டின்ர சொந்தக்காரன் வாறான். அதுக்குள்ள இது போகேல்லையெண்டால் உனக்குக் கடிதமும் இல்லை, நாளைக்கு வேலையும் இல்லை."

கடிதம். அக்னெஸ் இங்கே நிரந்தர வேலையில் இருக்கிறாள் என்று அவர் கையெழுத்திட வேண்டிய ஒற்றைத் தாள். அம்மாவின் விசா இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை அந்தத் தாளும் போகாவிட்டால் மூன்றாவது முறையும் அதேதான். பதினாலு வயதில் அப்பாவோடு விமானம் ஏறியவள். அம்மாவைத் தொட்டு ஆறு வருசம்.

அவர் போனதும் சாண்ட்பேப்பரை எடுத்தாள்.

இரண்டு இழுவை. நிறுத்தினாள். மூன்றாவது கேட்டது. ஐந்து இழுவை. ஆறாவது கேட்டது. எதிரொலி என்றால் மெலிந்து கேட்க வேண்டும். இது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. சொரசொரப்பாக, அழுத்தமாக, அவசரமாக. காதைப் படகில் வைத்தாள். குளிர்ந்த பூச்சு கன்னத்தில் ஒட்டியது. கையை மட்டும் மெதுவாக அசைத்தாள்.

அவள் இடமாக இழுத்தால், அது வலமாக இழுத்தது.

அந்தப் பக்கமிருந்தும் யாரோ தேய்க்கிறார்கள்.

அவள் விலகி நின்றாள். சத்தமும் நின்றது. அவள் தேய்த்தால் மட்டும்தான் அது தேய்க்கும். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அது. நடுவில் நகத்தளவு பூச்சும் கொஞ்சப் பைபர் நாரும். உள்ளங்கையளவில் நீலம் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். சாம்பலுக்குப் பின்னால் ஏதோ அசைந்து, வெளிச்சத்தை நோக்கி வந்தது.

அவள் தாளை வாளிக்குள் போட்டாள். அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பேரின்பநாதன் குனிந்து உள்ளே வந்தார். சாம்பல் வட்டத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"நாசம் செய்துபோட்டாய். தள்ளடி அங்கால."

"தேய்க்காதேங்கோ அண்ணை."

"எனக்குப் படிப்பிக்கிறியோ?"

வாளிக்குள்ளிருந்து தாளை எடுத்து, கோபமெல்லாம் கையில் இறங்கத் தேய்த்தார். இருபது இழுவை. முப்பது. அவள் எண்ணினாள். நாற்பதில் அவர் கையை நிறுத்தினார்.

சர்.

சர். சர். சர்.

நிற்கவில்லை. இனி அதற்கு யாருடைய கையும் தேவையில்லை.

பேரின்பநாதன் தன் கையையே பார்த்தார். அது அசையவில்லை. பிறகு படகைப் பார்த்தார். நாலு கீறலிலும் நீர் கசிந்தது. ஆற்றுச் சேற்று மணம். சாம்பல் வட்டம் மெல்ல வெளியே புடைத்தது. முட்டைத் தோல்போல மெலிந்த அதன் பின்னால் நாலு விரல்நுனிகள். வெள்ளையாக. ஊறிப்போய். நகங்கள் இல்லை. தேய்ந்து முடிந்திருந்தன.

தாள் அவர் கையிலிருந்து விழுந்தது. கண்ணைப் படகிலிருந்து எடுக்காமலே பின்னால் நடந்தார். வாசலைத் தாண்டினார். வாசல் பிளாஸ்ரிக்கை மூடும் சிப் மேலிருந்து கீழே சர்ரென்று வந்தது.

"அண்ணை!"

அவள் ஓடினாள். சிப்பின் நாக்கு வெளிப்பக்கம். பிளாஸ்ரிக்கில் அவருடைய நிழல், குந்தியபடி, சிப்பின் அடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தது.

"அண்ணை, நான் உள்ளுக்க நிக்கிறன்! நான் நிக்கிறன் அண்ணை!"

வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. நிழல் நிமிரவில்லை. நகத்தால் பிளாஸ்ரிக்கைப் பிறாண்டினாள். தடித்த பிளாஸ்ரிக். கிழியவில்லை.

பின்னால் தேய்க்கும் சத்தம் நின்றது.

மெல்லியதாக ஏதோ உடைந்தது. தண்ணீர் சரளையில் கொட்டியது. பிறகு ஒரு கால். பிறகு மற்றக் கால்.

அவள் திரும்பவில்லை. விளக்கு பின்னால் இருந்ததால் அவளுடைய நிழல் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் பெரிதாக விழுந்திருந்தது. அந்த நிழலின் தோளை நோக்கி இன்னொரு நிழல், ஒரு கையின் நிழல், அவசரமில்லாமல் நீண்டது.

அதை வெளியிலிருந்தும் பார்க்க முடிந்திருக்க வேண்டும். பேரின்பநாதன் குந்திய இடத்திலிருந்து எழுந்தார். சிப்பின் நாக்கை வெளியே இருந்த கொளுக்கியில் மாட்டினார். சரளையில் சத்தம் வராதபடி காலை எடுத்து வைத்து, நடந்து போனார்.