நான்காக மடித்த தாள்

"சாயங்காலத்துக்குள்ள வாசிப்பறையைப் பூட்டிச் சாவியைக் குடுக்கணும்னு தலைமை மருத்துவரம்மா உத்தரவு. குடுக்க மாட்டேன்," என்றாள் நூலகத்தம்மா.

ஆஸ்பத்திரியின் மருத்துவ நூலகத்தை நடத்துகிறவளுக்கு அங்கே அதுதான் பெயர். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. எதற்கும் பதறாதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நிதானம்'. பக்கத்தில் இருப்புக்கொள்ளாமல் நின்றவர் அவர் மனைவியின் தம்பி. அவருடைய பட்டப்பெயர் 'அவசரம்' என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

விஷயம் இதுதான். புதிய மருந்துச் செய்தி வந்தால் நூலகத்தம்மா அதை எல்லோருக்கும் புரியும்படி எழுதி அச்சடிப்பாள். டாக்டர்களுக்கு ஆளுக்கொரு பிரதி. வாசிப்பறைப் பலகையில் நோயாளிகளுக்கு ஒன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஓர் இதய மாத்திரை பாதி போதும் என்ற செய்தி முன்பே வந்து, பலகையிலும் ஏறிவிட்டது. அப்படியும் சக்கர நாற்காலியில் வரும் கணக்கு டீச்சர் முழு மாத்திரை விழுங்கி, மயங்கி விழுந்து, மறுபிழைப்புப் பிழைத்தார். இப்போது பலகையில் 'முழு மாத்திரை' என்ற பழைய தாள் தொங்குகிறது. புதியதைக் காணோம். அந்தத் தாள்தான் டீச்சரைக் கெடுத்தது என்கிறார் இதய டாக்டர்.

"பழசை நான் என் கையால கிழிச்சுப் போட்டேன் சார்," என்றாள். அவமானத்தைவிடக் கோபம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

மூவரும் வாசிப்பறைக்குப் போனார்கள். பலகையில் தாள்கள் எல்லாம் இடுப்பளவில் இருந்தன. படிக்கக் குனிந்த அவசரம் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சக்கர நாற்காலியில வர்றவங்க கண்ணுக்கு நேரா குத்துவேன்," என்றாள் நூலகத்தம்மா. பழைய தாள் மட்டும் தலைமட்டத்தில், மடிப்புத் தடங்களோடு தொங்கியது. கீழே ஓரிடம் காலியாக, ஊசித் துளைகளோடு கிடந்தது.

"அத்தான், டீச்சர்தான் மாத்தியிருக்கணும்," என்றார் அவசரம்.

"பறந்துபோய் மாட்டினாங்களா மச்சான்?"

தலைமை மருத்துவரம்மா, நெட்டையான இதய டாக்டர், டீச்சர் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். என்ன நடந்தாலும் தன் வேலையை விடாத நூலகத்தம்மா அன்று அச்சடித்த மருந்துச் செய்தியை இதய டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் அதைப் பார்க்காமலே நான்காக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாதின்னு பலகையில படிச்சுட்டு இவர்கிட்ட கேட்டேன்," என்றார் டீச்சர். "டாக்டர் நீங்களா நானான்னாரு. முழுசா முழுங்கினேன்."

"பொய். நான் பாதின்னுதான் சொன்னேன். பலகையில அப்படி ஒரு தாளே இல்ல. இவங்க அந்தப் பழசைப் படிச்சுட்டாங்க."

"எங்கே இருந்து படிச்சாங்க?" நிதானம் டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அண்ணாந்து பார்த்தார். "இங்கேயிருந்து பார்த்தா தாள்தான் தெரியுது, எழுத்து தெரியல. நூலகத்தம்மா இவ்வளவு உயரத்துல எதையும் குத்தினதில்ல. இது நின்னு பார்க்கிற ஒருத்தர் மாட்டினது. அச்சிலிருந்து நேரா பலகைக்கு வர்ற தாள்ல மடிப்பு இருக்காது. இதுல நாலு மடிப்பு. டாக்டர், பையில இப்ப போட்டதை எடுங்க."

டாக்டர் எடுக்கவில்லை. தலைமை மருத்துவர் கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் தாள் வெளியே வந்தது. அதே மடிப்பு.

"புதுசைப் படிக்காம மடிச்சு வெச்சீங்க. அதைப் படிச்சவங்களையும் அதட்டினீங்க. டீச்சர் விழுந்ததும் அதைக் கழட்டிட்டு, உங்ககிட்ட கிடந்த பழசைக் கொண்டுவந்தீங்க. கழட்டும்போது குனிஞ்ச நீங்க, மாட்டும்போது நிமிர்ந்துட்டீங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டாக்டருக்கு அந்தக் கூடத்தையே இழுத்து மூடவேண்டியிருந்தது.

"கண்டதையும் படிச்சுட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டா எப்படி வைத்தியம் பார்க்கிறது?" என்று அப்போதும் எகிறினார் டாக்டர்.

"கேட்கத்தான் செய்வேன். விழுந்தது நான்," என்றார் டீச்சர்.

"நாளைக்கு விசாரணைக்கு வாங்க," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, தலைமை மருத்துவர் வாசிப்பறையைப் பூட்டும் உத்தரவை இரண்டாகக் கிழித்தார். நூலகத்தம்மா 'பாதி மாத்திரை' தாளின் இன்னொரு பிரதியை எடுத்துவந்து, காலியாகக் கிடந்த இடத்தில் குத்தினாள்.

டாக்டர் தனக்கொரு பிரதி கேட்டு வழக்கம்போல் கையை நீட்டினார்.

"உங்களுக்கு இனிமே கையில கிடையாது டாக்டர். இங்க வந்து எல்லாரோடயும் படிங்க."

டாக்டர் தலைமை மருத்துவரைப் பார்த்தார். அவர் பலகையைக் காட்டினார். டீச்சர் நாற்காலியைச் சற்றே நகர்த்தி இடம் விட்டார். அந்த நெட்டை முதுகு வளைய வெகுநேரம் ஆயிற்று. ஆனால் வளைந்தது.