பேச்சு வந்தால் அணையும் விளக்கு

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா எனக்கு வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கடை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்ன பிறகும், தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

அது 2007ஆம் ஆண்டு. திண்டுக்கல் ரவுண்டு ரோட்டில் செபாஸ்தியம்மாளும் அவள் தம்பி பவுல்ராஜும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்கள். வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகவே இன்டர்நெட் வரத் தொடங்கியிருந்த காலம். யார் வந்து எதைச் சொன்னாலும் பவுல்ராஜ் முதலில் திருப்புளியைத் தேடுவான். செபாஸ்தியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்தவரை உட்காரச் சொல்வாள்.

பெண்ணின் பெயர் ஜீவிதா. நாகல்நகரில் கணவன் வீட்டில் இருக்கிறாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பும் வேலை. பாதியில் நெட் அறுந்தால் அனுப்பியதெல்லாம் வீண்.

"எப்பப்ப அறுகுது?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"போன் வந்தா அறுகுதுக்கா. ஆனா ஒரே மாதிரி இல்ல. கம்பெனிக்காரங்க கூப்பிட்டா, போயிட்டுச் செத்த நேரத்துல தானா வந்துரும். அதனால அவங்க என்னை நம்புறதே இல்ல. கோயம்புத்தூர்லருந்து என் தங்கச்சி தமிழ்நிலா கூப்பிட்டா, பேசி முடிக்கிற வரைக்கும் வராது. அவ குரலும் கெணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கும்."

"வேற யாராச்சும் பேசுனா?"

"எங்க அத்தை, நத்தத்துல இருக்குற நாத்தனார்கிட்டப் பேசுனாலும் அப்படித்தான். ஒரு வாரம் ஒண்ணுமே இருக்காது. அடுத்த வாரம் பாடாப் படுத்தும்."

"அப்ப உங்க அத்தைதான்" என்று பவுல்ராஜ் குறுக்கே விழுந்தான்.

ஜீவிதா சிரிக்கவில்லை. "அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நத்தம் மாந்தோப்புல மகளுக்கும் பங்கு குடுக்கணும்னு அவங்க போன்ல பேசுனது எப்படியோ என் மூத்தாருக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்ல பெரிய சண்டை. நான்தான் ஒட்டுக்கேட்டுச் சொன்னேன்னு அத்தை எங்கூடப் பேச்சையே விட்டுட்டாங்க. மூத்தாரு அந்த ஒயரையே அறுத்து எறிவேன்னு திரியிறாரு."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் நல்லவர்க்கா. மில்லுல ஷிப்ட்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. இந்த வாரம் ராத்திரி ஷிப்ட்டு, அதனால பகல்ல மாடி ரூம்ல தூங்குவாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கோயம்புத்தூர்ல ஆபீஸ் வேலை ஒண்ணு தங்கச்சி பார்த்து வச்சிருக்கா. அதை அவருகிட்டக் கூட இன்னும் சொல்லலை. தங்கச்சிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

போகும்போது செபாஸ்தியம்மாள் தமிழ்நிலாவின் செல்போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நெட் பழுதுக்கும் தங்கச்சி எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பவுல்ராஜுக்கு விளங்கவில்லை.

பிற்பகலில் இருவரும் நாகல்நகர் போனார்கள். மூத்தார், அதாவது ஜீவிதாவின் கணவனுக்கு அண்ணன், வேலுசாமி வாசல் கேட்டுக்கு நேரே பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். காய்கறி மண்டியில் தரகு வேலை; மத்தியானத்தோடு முடித்து, தினமும் அந்நேரத்துக்கு வீட்டில் இருப்பவர். மனைவியை அவள் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டு இரண்டு வருஷமாகக் கூப்பிடப் போகாதவர் என்று ஜீவிதா சொல்லியிருந்தாள்.

"யாரக் கேட்டு உள்ள வர்றீக?"

"வீட்ல இருக்குறவங்க கூப்பிட்டாங்க" என்றாள் செபாஸ்தியம்மாள். அவர் வண்டியை நகர்த்தவில்லை. இருவரும் ஒருக்களித்து நுழைந்தார்கள்.

கூடத்தில் மாமியார் மாயம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மருமகள் மேசைப் பக்கம் போனபோது, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பவுல்ராஜ் வேலையில் இறங்கினான். சுவரில் கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளை டப்பா. பேச்சையும் நெட்டையும் அதுதான் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும். அதைப் புதிதாக மாற்றினான். மோடத்தையும் மாற்றினான். நெட் இருப்பதைக் காட்டும் மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. தன் செல்போனிலிருந்து வீட்டு எண்ணுக்கு அடித்தான். ஜீவிதா எடுத்தாள். "ஹலோ, டெஸ்டிங்" என்று அவன் சொல்லும்போதே விளக்கு அணைந்தது. சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் விளக்கு துடித்து, மீண்டும் எரிந்தது.

"இது என்ன கூத்துக்கா? எல்லாமே புதுசு."

"நீ பேச்சை நிறுத்துன பெறகா வந்துச்சு, நிறுத்துறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியே வந்துருச்சு."

"சரி" என்றாள் அவள். செல்போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினாள். வரும்போது வேலுசாமியையும் கையோடு அழைத்து வந்தாள். "நீங்களும் இருந்து பாருங்க. பெறகு நாங்க எதையாச்சும் கெடுத்துட்டோம்னு பேச்சு வரக்கூடாது." அவர் முறைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார்.

மணி அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து தமிழ்நிலா. ஜீவிதா எடுத்ததும் விளக்கு அணைந்தது. அவள் "ம்", "சரிடி" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பவுல்ராஜ் மோடத்தையே பார்த்திருந்தான். செபாஸ்தியம்மாள் மோடத்தின் பக்கம் திரும்பவேயில்லை. வேலுசாமியின் கைகளையும் மாயம்மாளின் கைகளையும் பார்த்தபடி இருந்தாள். ஒருவர் கை கட்டியிருந்தார். ஒருவர் கையில் வெங்காயம். ஜீவிதா போனை வைத்த பிறகுதான் விளக்கு உயிர் பெற்றது.

"வீட்ல எல்லாரையும் வரச் சொல்லும்மா. என்ன பழுதுன்னு சொல்லிட்டுக் கெளம்புறோம்."

ஜீவிதாவின் கணவன் பிரபு மாடியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான். சாந்தமான முகம். வந்ததும் செபாஸ்தியம்மாளுக்குக் கும்பிடு போட்டான்.

வேலுசாமிதான் ஆரம்பித்தார். "என்னத்தச் சரி பண்ணப் போறீக? கோயம்புத்தூருக்கு ஓடப் பாக்குறவளுக்கு இங்க எதுக்கு நெட்டு?"

ஜீவிதா விருட்டென்று நிமிர்ந்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"தெரியும். எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஈ பறக்காது."

பவுல்ராஜ் அக்காவை ஜாடையாகப் பார்த்தான். ஆள் சிக்கிவிட்டான் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் பிரபுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுண்ணே" என்றான் பிரபு, தணிந்த குரலில். "வந்தவங்க முன்னாடி எதுக்கு? ஈரோட்டுக்குப் போகணும்னு அவ நெனச்சா எங்கிட்டச் சொல்லாமயா போவா? நான் பேசிக்கிறேன்."

ஜீவிதா திரும்பிக் கணவனையே பார்த்தாள்.

"ஈரோடுன்னு யாரு தம்பி சொன்னா?" என்று கேட்டாள் செபாஸ்தியம்மாள்.

"அண்ணன்தான் இப்ப…"

"அண்ணன் சொன்னது கோயம்புத்தூர்." அவள் குரல் உயரவில்லை. "ஈரோடுங்கிறது இப்ப நான் உண்டாக்குன பேச்சு. தெருவுல நின்னு தமிழ்நிலாகிட்டச் சொன்னேன். கோயம்புத்தூர் வேலை போயிருச்சு, ஈரோட்டுல கெடச்சிருக்குன்னு உங்க அக்காகிட்டச் சொல்லு, அவங்க பதில் பேச வேணாம்னு சொல்லும்மான்னேன். இந்தக் கூடத்துல அது ஜீவிதா காதுல மட்டுந்தான் விழுந்துச்சு. உங்க அண்ணன் இங்கயே நின்னும் அவருக்குத் தெரியலை. நீங்க பழைய சேதியச் சொன்னதால அவரு இன்னும் கோயம்புத்தூர்லயே நிக்கிறாரு."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "மோடம் கெட்டிருந்தா, அந்த டப்பா கெட்டிருந்தா, எந்தப் போன் வந்தாலும் பேசி முடிக்கிற வரைக்கும் விளக்கு எரியக் கூடாது பவுலு. நீ பேசும்போது பாதியிலயே எரிஞ்சுது. ஏன்? டப்பாவுக்கு முன்னாடியே கம்பியில இன்னொரு போன் இருக்கு. அதைத் தூக்குனா நெட் அறுகும், எதிர்ல பேசுறவங்க குரலும் அமுங்கும். தூக்குனவர் 'ஹலோ டெஸ்டிங்'கைக் கேட்டாரு, நமக்கு இதுல ஒண்ணுமில்லன்னு வச்சிட்டாரு. கம்பெனிக்காரங்க பேசுனாலும் அதே கதைதான். தங்கச்சி பேசுனா, அத்தை மககிட்டப் பேசுனா, கடைசி வரைக்கும் வைக்க மாட்டாரு."

"அண்ணனா இருந்தாலும்…" என்று இழுத்தான் பவுல்ராஜ்.

"அவரு தெனமும் மத்தியானம் வீட்ல இருக்காரு. அம்மா எப்பவுமே வீடுதான். அவங்களா இருந்தா எல்லா வாரமும் அறுகணும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பகல்ல வீட்ல இருக்குறது ஒருத்தர்தான். கம்பி எங்க போகுதுன்னு போய்ப் பாரு."

பவுல்ராஜ் வெளியே ஓடினான். சன்ஷேடுக்கு மேலே கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. அங்கிருந்து மெல்லிய ஒயர் ஒன்று மழைத்தண்ணீர்க் குழாயோடு ஒட்டி மாடி ஜன்னலுக்குள் போனது. கட்டிலுக்கு அடியில் பழைய போர்வைக்குள் ஒரு போன். அதன் மணியை அடைத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்ததும், மாமியாரையும் அண்ணனையும் அவசரப்பட்டுச் சந்தேகித்ததை நினைத்து அவனுக்குக் கூசியது. ஒயரைக் கழற்றி, போனைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தான்.

பிரபுவின் முகத்தில் சாந்தம் போய்விட்டது. "என் பொண்டாட்டி பேசுறதை நான் கேக்காம ரோட்ல போறவனா கேப்பான்? லைன் எம்பேர்ல இருக்கு. நெட் அறுகும்னு எனக்கென்ன தெரியும்? இல்ல, அறுந்தாத்தான் என்ன?"

"அறுந்தா எனக்கு வேலை போகும்" என்றாள் ஜீவிதா.

"போகட்டுமே."

அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சான்றிதழ்ப் பையும் நாலு சேலையுமாக வெளியே வந்தபோது வேலுசாமி வாசலுக்குப் போய் பைக்கில் மறுபடி ஏறி உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கேட்டத் தாண்டிரு பாப்போம்."

பவுல்ராஜ் சட்டைக் கையை மடக்கினான். அக்கா அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அவள் மாயம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயம்மாள் முறத்தைக் கீழே வைத்திருந்தார். மேசை மேல் இருந்த போனையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இளைய மகனிடம் கேட்டார்: "தோப்புப் பங்கு பத்தி நான் எம்மககிட்டப் பேசுனதும் நீ கேட்டதுதானா?"

பிரபு தரையைப் பார்த்தான்.

"வேலு" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வண்டிய எடு."

"ஆத்தா, நீ சும்மா இரு."

"எடுடா."

வேலுசாமி தம்பியைப் பார்த்தார். தம்பி நிமிரவில்லை. வண்டி நகர்ந்தது. மாமியார் மருமகளைப் பார்க்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஜீவிதாவும் நிற்கவில்லை. செபாஸ்தியம்மாள் அவளுடன் தெருமுனை வரை நடந்து, ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டாள்.

பவுல்ராஜ் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். மாயம்மாள் மறுபடி முறத்தின் முன் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தக் கம்பியப் பிடுங்கிட்டுப் போ."

"மாடிக்குப் போறதையாம்மா?"

"அம்புட்டையும்."