அவினோ விட்ட இடைவெளி

எங்கள் ஹோமா பே ஏரிக்கரையில் ஒரு பாட்டு ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. நடுவில் நாங்கள் புகுந்துவிடுவோம்.

பாடுகிறவர் பாடிக்கொண்டே இருப்பார். கூட்டத்தில் யாராவது கையைத் தூக்கினால் குரலை நிறுத்திவிட்டு, கிட்டாரை மட்டும் மெதுவாக மீட்டிக்கொண்டு நிற்பார். கை தூக்கியவர் எழுந்து தன் பெருமையை நாலு வார்த்தையில் சொல்வார். எல்லோரும் கைதட்டுவோம். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்குப் பக்ருவோக் என்று பெயர். ஒருவரும் கை தூக்காவிட்டால், பாடியவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அவினோ இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். பதினொரு வயது. அவள் அம்மா கரையில் வலை விரித்து அதன்மேல் பொடிமீன் காயப்போட்டு விற்பவர். அம்மா மீனைப் புரட்டிப் போடும்போது, மாமாவின் பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவினோ தானே பாட்டுக் கட்டுவாள். சோளத் தோட்டத்துக்குள் புகுந்த நீர்யானையைப் பற்றி அவள் கட்டிய பாட்டு எங்கள் கரையில் வெகு பிரபலம். அதில் கை தூக்குகிறவர்களுக்காக மூன்று இடைவெளிகள் விட்டிருந்தாள். அதுவே எங்களுக்குப் போதாது.

அந்தப் பாட்டைப் பாடித்தான் ‘நாளைய குரல்’ போட்டிக்குத் தேர்வானாள். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிற போட்டி அது. முதல் சுற்றுக்கு அம்மாவும் ஒடுவோர் மாமாவும் அவளோடு நைரோபிக்குப் போனார்கள். நாங்கள் டீக்கடைத் தொலைக்காட்சி முன்னால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தோம்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் மணி அடிக்கும், மைக் அணைந்துவிடும்.

அவினோ அழகாகத் தொடங்கினாள். முதல் இடைவெளி வந்தது. பழக்க தோஷம், அரங்கத்தின் நடுவில் ஒடுவோர் மாமா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நான் ஒடுவோர்! புயலடிச்சாலும் படகுல குறட்டை விடுறவன்! என் மாமனார் வீட்டுக் கோழி என்னைக் கண்டா தானா வந்து சட்டியில உக்காரும்!”

டீக்கடையில் நாங்கள் விழுந்து விழுந்து கைதட்டினோம். அரங்கத்தில் ஒருவர்கூடத் தட்டவில்லை. காவலர் ஒருவர் மாமாவை நோக்கி ஓடினார்.

அவினோ சமாளித்துக்கொண்டு தொடர்ந்தாள். அடுத்த இடைவெளியில் அம்மாவே எழுந்துவிட்டார்.

“நான் அவினோவோட அம்மா! மேகம் கூடுறதுக்கு முன்னாடியே மழையை மோந்து பாத்து மீனை அள்ளுறவ! என் மீன்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல!”

மணி அடித்தது. பாட்டு பாதியில் நின்றது.

நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாராவது எனக்குப் புரிய வைங்கப்பா. இப்ப நடந்தது பாட்டா, சண்டையா?”

நாடே சிரித்தது. மாமா கை தூக்கும் காட்சி எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றியது. சிரித்தவர்களே குறுஞ்செய்தி அனுப்பி அவினோவுக்கு ஓட்டும் போட்டார்கள். அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் அவினோவுக்குச் சந்தோஷமாக இல்லை. “அவங்க என் பாட்டுக்கு ஓட்டுப் போடலம்மா. சிரிச்சதுக்குப் போட்டிருக்காங்க” என்றாள்.

நிகழ்ச்சியை நடத்துபவர் வங்கேச்சி மேடம். காதில் ஒரு கருவியும் கையில் ஒரு கடிகாரமுமாக எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர். மாமாவையும் அம்மாவையும் கூப்பிட்டு, பள்ளிப் பிள்ளைகளைப் போல் நிற்க வைத்துவிட்டார்.

“இன்னொரு தடவை பார்வையாளர்ல ஒருத்தர் குறுக்க பேசினாலும் அவினோ போட்டியில இருக்க மாட்டா. சொல்லிட்டேன்.”

“இனிமே மூச்சே விட மாட்டேன் மேடம்” என்றார் மாமா.

அரையிறுதியில் சொன்னபடியே இருந்தார். தன் தொப்பியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவினோ தீவுக்குப் போகும் படகைப் பற்றிய புதுப் பாட்டைப் பாடினாள். இடைவெளி வந்தது. அவள் கிட்டாரை மீட்டிக்கொண்டு நின்றாள். அரங்கமும் சும்மா இருந்தது. அடுத்த இடைவெளியிலும் அப்படியே. குழம்பில்லாத உகாலிக் களியை மெல்லுவதுபோல இருந்தது எங்களுக்கு.

“நல்ல குரல்மா. ஆனா நடுவுல ஏன் நிறுத்துற? வரி மறந்துடுச்சா?” என்று கேட்டார் நடுவர்.

“இல்ல சார்” என்றாள் அவினோ. அதற்குமேல் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு உண்மையாகவே வரியை மறந்தவள் முத்தேவு. கிடுயி ஊர்ப் பெண். விடுதியில் அவினோவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். இரண்டாவது கண்ணியில் வார்த்தை வரவில்லை. இசை ஓடிக்கொண்டே இருக்க, மணி அடிக்கும் வரை அவள் மைக்கின் முன்னால் சும்மாவே நின்றாள். போட்டியிலிருந்து விலக்கப்பட்டாள். அவினோ கடைசி இடத்தில் தப்பித்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தாள்.

விலக்கப்பட்ட பிள்ளைகள் ஊருக்குப் போக முடியாது. இறுதிச் சுற்று அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் காலை முத்தேவு தன் சப்பாத்தியைத் துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை.

அவினோ தன் ஊர் வழக்கத்தை அவளுக்குச் சொன்னாள். மாமனார் வீட்டுக் கோழியைச் சொன்னதும் முத்தேவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

“எங்க ஊரா இருந்தா நீயும் கை தூக்கலாம். உன் பெருமை என்ன? சொல்லு பாப்போம்” என்றாள் அவினோ.

“எனக்கா? நாடே பாக்க வரியை மறந்தேனே, அதுதான் என் பெருமை.”

அவினோவுக்கு நெஞ்சு வலித்தது. முந்தின இரவு முத்தேவு அழுதபோது கூடவே அழுதவள் அவளும்தானே! தன் பாட்டில் இடைவெளிகளை எதற்காக விடுகிறோம் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. ஊரில் விடுவார்கள், அவளும் விட்டாள். இப்போது யோசித்தாள். கிழிந்த சப்பாத்தியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள்.

பிறகு வங்கேச்சி மேடத்தைத் தேடிப் போனாள்.

“மேடம், பார்வையாளர் குறுக்க பேசக்கூடாது. நானே நிறுத்தி, நானே மைக்கைக் கொடுத்தா?”

மேடத்தின் கால்கள் முதல்முறையாக ஓட்டத்தை நிறுத்தின. “எதுக்கு?”

“பாட்டு அப்படித்தான் மேடம். நாலு பேர் பேசினாத்தான் அது முழுசாகும்.”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். “உன் மூணு நிமிஷம் உன்னோடது. அதுக்குள்ள நீ யார்கிட்ட மைக்கைக் கொடுத்தாலும் உன் இஷ்டம். ஆனா மணி அடிச்சா மைக் அணைஞ்சிடும். பாட்டு முடியாம நின்னா மார்க் போகும். தோத்துட்டு என்கிட்ட வந்து அழக்கூடாது, புரியுதா?”

“புரியுது மேடம்.”

நேரம் வேண்டுமென்றால் எதையாவது வெட்டியாக வேண்டும். நீர்யானைப் பாட்டிலேயே எல்லோருக்கும் பிடித்தது, அது ஏரித் தண்ணீரில் முகம் பார்த்து ‘நான் இவ்வளவு ஒல்லியா!’ என்று வியக்கும் கண்ணி. அவினோ அதை எடுத்துவிட்டாள்.

ஒடுவோர் மாமா பதறிப்போனார். “அடிப்பாவி! அந்தப் பாட்டுக்கு உசுரே அதுதானே! வேற எதையாவது வெட்டக் கூடாதா?”

“அதுதான் மாமா பெருசா இருக்கு. அதை எடுத்தாத்தான் இடம் கிடைக்குது.”

“யாருக்கு இடம்? எனக்கா?” மாமாவின் முகம் மலர்ந்தது.

“உங்களுக்கு இல்ல.”

இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள் மாலை முத்தேவிடம் சொன்னாள். “நாளைக்கு உன் முன்னாடி வந்து பாட்டை நிறுத்துவேன்.”

“ஐயோ, வேண்டாம். வராத.”

“உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். கிட்டாரை மீட்டிட்டு நிப்பேன், அவ்வளவுதான். உனக்குத் தோணினா கையத் தூக்கு. தோணலைன்னா விடு. நான் பாட்டுக்குத் திரும்பிப் போயிடுவேன்.”

“நான் தூக்க மாட்டேன்” என்றாள் முத்தேவு.

“பரவால்ல” என்றாள் அவினோ.

இறுதிச் சுற்று. டீக்கடைக்குள் இடமில்லாமல் ஜன்னலிலும் தொங்கினோம். அவினோ முதலில் அரங்கத்துக்கு வழக்கத்தை விளக்கினாள். “நான் நிறுத்துற இடத்துல கை தூக்கினா, உங்க பெருமையை நீங்க சொல்லலாம். அது பாட்டுல சேர்ந்ததுதான்.” பிறகு கிட்டாரைத் தட்டித் தொடங்கினாள்.

இடைவெளி வந்தது. அவினோ மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைப் பக்கம் வந்து நின்றாள். பாடவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த கம்பித் தாங்கியில் மைக்கைச் செருகிக்கொண்டு கிட்டாரை மட்டும் மெதுவாக மீட்டினாள்.

யாரும் கை தூக்கவில்லை. முத்தேவு தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. “பாடு புள்ள, பாடு!” என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினோம். டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் தன் கையையே தூக்கிவிட்டார். அங்கே அரங்கத்தில் ஒடுவோர் மாமாவின் கை தானாக மேலே போக, அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அவினோ அவசரப்படவில்லை. முத்தேவை உற்றுப் பார்த்துச் சங்கடப்படுத்தவும் இல்லை. கிட்டார் நரம்புகளைப் பார்த்தபடி, நேரம் நிறைய இருப்பவளைப் போல மீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கை மெதுவாக எழுந்தது. அவினோ மைக்கை நீட்டினாள்.

“நான்... முத்தேவு. கிடுயிக்காரி.” மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “போன வாரம் வரியை மறந்தவ.”

முத்தேவு மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மறந்துட்டேன். ஆனா ஓடிப் போகல. மணி அடிக்கிற வரைக்கும் மேடையிலேயே நின்னவ நான்!”

டீக்கடையில் எழுந்தது பாருங்கள் கைதட்டல், தகரக் கூரை அதிர்ந்தது. அரங்கத்திலும் அப்படித்தான். இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை என்று கிளம்பின. கேமரா பிடிப்பவர் ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். தன் பிள்ளைகளுக்குத் தானே முடி வெட்டிவிடுவதுதான் தன் பெருமை என்றார். முதல் சுற்றில் மாமாவைத் துரத்திய காவலர், தான் ரகசியமாகப் பூத்தையல் போடுவதாகச் சொன்னார். அவினோ ஒவ்வொருவருக்கும் மைக்கை நீட்டினாள்.

மணி அடித்தது. கடைசிக் கண்ணி பாடப்படவே இல்லை.

பரிசு லாமுவிலிருந்து வந்த பையனுக்குக் கிடைத்தது. அவன் நன்றாகவே பாடினான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவினோ இரண்டாவதாக வந்தாள். உடைமாற்றும் அறையில் கொஞ்சம் அழுதாள். முத்தேவு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முழுச் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றாள்.

ஆனால் மறுநாள் காலையிலிருந்து வானொலியில் எல்லோரும் கேட்டது நீர்யானைப் பாட்டைத்தான். “அந்தப் பொண்ணு பாட்டு போடுங்க, நாங்க பேசணும்” என்று வானொலி நிலையத்துக்கு மக்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். வாரம் முடிவதற்குள் ஒரு பதிவு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது.

“இந்த இடமெல்லாம் காலியா இருக்கேம்மா. புல்லாங்குழல் வெச்சு நிரப்பிடலாமா?” என்று கேட்டார் ஒலிப்பதிவு செய்பவர்.

“வேண்டாம் அண்ணா, அது கேக்குறவங்களுக்கு” என்றாள் அவினோ. அப்படியே பதிவானது. பள்ளிக்கூடங்களிலும் கல்யாண வீடுகளிலும் அந்தப் பாட்டு ஓடியது. நைரோபிச் சுவர்களில் கிட்டாரோடு அவள் படம் ஒட்டப்பட்டது.

அடுத்து நடந்ததை அவள் அம்மா எங்களிடம் சொன்னார். அவர் மீன் விலையைத் தவிர வேறு எதையும் கூட்டிச் சொல்லமாட்டார்.

ஒருநாள் நைரோபியில் அவர்கள் இருவரும் மட்டாட்டு வேனில் ஏறினார்கள். அவினோ தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். வேனில் அவள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி வந்ததும் நடத்துனர் கையைத் தூக்கினார்.

“நான் யாருக்கும் சில்லறை பாக்கி வெச்சதில்ல!”

“புளுகு!” என்று வேன் முழுவதும் கத்தியது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே பாட்டை அங்கேயே நிறுத்தி வைத்தார். வேலை முடிந்து திரும்பிய ஒரு செவிலி எழுந்தார். “ஊசிக்கு அழுற எந்தக் குழந்தையையும் நான் திட்டினதில்ல” என்றார். அவருக்குப் பலத்த கைதட்டல்.

“கடைசி சீட்டுப் பாப்பா, உனக்கு ஒண்ணும் இல்லையா?” என்றார் நடத்துனர்.

அம்மா முழங்கையால் இடித்தார். அவினோ எத்தனையோ பேருக்கு இடம் விட்டிருக்கிறாள், தானே கை தூக்கியதில்லை. அன்று முத்தேவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“நான் அவினோ. அடுத்தவங்க பேசுற வரைக்கும் காத்திருக்கத் தெரிஞ்சவ.”

“நல்ல பெருமைதான்! பாட்டுக்காரி பேரையே வேற வெச்சிருக்கியே!” என்றார் நடத்துனர்.

வேன் முழுவதும் கைதட்டியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.