தோல் நிறம்: பத்துக்கு இரண்டு

டெலிபோன் மறுபடியும் அலறியது.

ஓகினோ எடுத்தார். நேற்றும் முந்தாநாளும் பேசிய அதே ஆண் குரல்.

"உங்க சம்சாரம் வீட்ல இருக்காங்களா?"

"யார்யா நீ?"

"உங்க தபால் பெட்டியில ஒரு படம் இருக்கு. நல்லா பாருங்க."

இணைப்பு அறுந்தது...

படியிறங்கி ஓடினார். உறைக்குள் ஒரே ஒரு புகைப்படம். அவர் மனைவி சவாகோ காய்கறிக் கடையில் முள்ளங்கி பொறுக்குகிறாள். முகத்தில் குளிர்கால மாஸ்க். அவளுக்குத் தெரியாமல், எங்கிருந்தோ, எவனோ எடுத்திருக்கிறான்!

ஓகினோ உடனே போலீசைக் கூப்பிட்டார்.

தோக்கியோவின் நகானோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் மகாபே வந்தாள். நாற்பது வயது. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா, ஓகினோ சான்?" 'சான்' போட்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கேமராவுக்கு விமர்சனம் எழுதறவன் நான். இந்தத் தொழில்ல பாதிப் பேர் மேல சந்தேகப்படலாம்."

பெருமையடிக்கவில்லை. முப்பது வருடமாக மாதப் பத்திரிகையில் எழுதுகிறார். அவர் ஒரு வரி எழுதினால் சில கம்பெனிகளில் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

மகாபே படத்தை நீட்டினாள். "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

"இருநூறு எம்.எம். லென்ஸ். எதிர்க் கட்டடத்து மாடியிலேர்ந்து எடுத்திருக்கான். கேமரா என்னன்னும் சொல்லிடுவேன். போன வருஷம் நான் ஓஹோன்னு எழுதினேனே, அதேதான். நிறத்தைப் பாருங்க, துல்லியம்."

"நான் கேட்டது உங்க மனைவியைப் பத்தி."

"அவளுக்கு என்ன? பளிச்சுன்னு ஃபோகஸ்ல இருக்கா."

மகாபே அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

சவாகோ டீ கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டிருந்தாள்.

"சளியா?" மகாபே கேட்டாள்.

"லேசா."

ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி. பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை, வெள்ளைக் கம்பளி நூல்கண்டு.

"இது எதுக்கு?"

"எந்தக் கேமரா வந்தாலும் இவளை அங்கே உட்கார வெச்சுத்தான் முதல் படம்," என்றார் ஓகினோ. "அதே நாற்காலி, அதே வெளிச்சம். அட்டையும் நூலும் நிறம் சரியா விழுதான்னு பார்க்க. பவுடர் போடக்கூடாது, அசையக்கூடாது. அப்போதானே ஒரு கேமராவுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்?"

"வாசகருங்க என்னை 'நாற்காலி அம்மா'ன்னு கூப்பிடுவாங்க," என்றாள் சவாகோ.

"சமீபத்துல யாரையாவது ரொம்ப திட்டி எழுதினீங்களா?" மகாபே ஓகினோவைக் கேட்டாள்.

ஓகினோ இதழைப் புரட்டிக் காட்டினார். போன மாத விமர்சனம். நாற்காலியில் சவாகோ. அட்டை சரியான சாம்பல். நூல் வெள்ளை வெளேர். முகம் மட்டும் மஞ்சள். கீழே அவர் எழுதிய தீர்ப்பு:

"மனிதத் தோலை மஞ்சளாக்கும் கேமரா. தோல் நிறத்துக்குப் பத்துக்கு இரண்டு."

"கேமராவோட கதி?"

"கடைக்காரங்க மொத்தமா திருப்பி அனுப்பிட்டாங்க. நிறத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் சோனோபேயைக் கிடங்குல பெட்டி அடுக்க வெச்சிட்டாங்களாம்."

மகாபே எழுந்தாள். ஆள் கிடைத்துவிட்டான்!

மறுநாள் சவாகோ காய்கறி வாங்கப் போனாள். எதிரே காபிக் கடை மாடியில் ஜன்னலோரம் ஒருவன் கேமராவைத் தூக்கினான். பின்னாலிருந்து மகாபேயின் கை அவன் தோளில் விழுந்தது.

"போதும், சோனோபே சான். வாங்க."

அவன் ஓடவில்லை. பெருமூச்சு விட்டான்... யாரோ அவன் சுமையை வாங்கிக்கொண்ட மாதிரி.

ஸ்டேஷனுக்கு ஓகினோவும் வந்து சேர்ந்தார்.

"என் மேல கோபம்னா என்னை அடிடா. அவ என்ன பாவம் பண்ணினா?"

"அவங்களை ஒண்ணும் பண்ணல, சென்செய்." வாத்தியாரைக் கூப்பிடுகிற பணிவோடு சொன்னான்.

மகாபே கேமராவை மேஜையில் வைத்தாள். "இது உங்க கம்பெனியோடது இல்லையே. போட்டிக் கம்பெனியோடது. எதுக்கு?"

"சென்செய் இதைத்தானே நம்புவார்? என் சொந்தக் காசுல வாங்கினேன்." சோனோபே ஓகினோ பக்கம் திரும்பினான். "விமர்சனம் வந்ததும் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிரம் பேரைப் படம் எடுத்துப் பார்த்தேன். யாரும் மஞ்சளா வரல. அப்போதான் பயம் வந்துச்சு. கேமரா சரியா இருந்தா...?"

"இருந்தா?" என்றாள் மகாபே.

"சென்செய் மனைவி உடம்பு சரியா இல்லைன்னு அர்த்தம். நான் அனுப்பின படம் எங்கே? கண்ணைப் பாருங்க."

மகாபே படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். மாஸ்குக்கு மேலே இரண்டு கண்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சள்.

"குளிர்காலம்," என்றார் ஓகினோ. "அவ மிகான் ஆரஞ்சு நிறைய தின்பா. அதனால..."

"மிகான் தின்னா உள்ளங்கை மஞ்சளாகும்," என்றாள் மகாபே. "எங்க வீட்லயும் ஆகும். கண்ணு ஆகாது."

"ஏன்டா போன்லயே சொல்லித் தொலைக்கல?"

"விமர்சனம் வந்தப்பவே கம்பெனி பேரைச் சொல்லி போன் பண்ணினேன். மறுப்பு போட மாட்டேன்னு வெச்சிட்டீங்க. உங்க மனைவிக்கு வியாதின்னு நான் சொன்னா, கேமராவைக் காப்பாத்த கதை கட்டறான்னுதானே சொல்வீங்க? அதான் படத்தை அனுப்பினேன். ஊருக்கே பார்க்கக் கத்துக் கொடுக்கற ஆளு, பார்த்துடுவீங்கன்னு நினைச்சேன்."

அந்தப் படத்தில் ஓகினோ லென்ஸைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், நிறத்தின் துல்லியத்தைக்கூடப் பார்த்தார். முப்பது வருடப் படிப்பு அத்தோடு தீர்ந்துபோயிருந்தது.

போலீஸ் காரில் வீட்டுக்குப் பறந்தார்கள்.

சவாகோ ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மிகான் உரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் இல்லை.

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"போயிட்டு வந்துட்டேங்க. இலையுதிர் காலத்துலயே. கணையத்துல கட்டி. பரவிடுச்சாம், இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லையாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

சவாகோ ஒரு சுளையை எடுத்தாள். தின்னவில்லை.

"மாசா மாசம் என் முகத்தைத் திரை முழுக்கப் பெரிசாக்கிப் பார்க்கற ஆளு நீங்க. இமை முடியை எண்ணுவீங்க. என்னைக்காவது என்ன ஆச்சுன்னு கேப்பீங்கன்னு இங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீங்க கேமராவுக்கு மார்க் போட்டீங்க."

மகாபே சத்தமில்லாமல் வாசலுக்குப் போய்விட்டாள். கொலைகாரனைப் பிடிப்பது அவளுக்குச் சுலபம். இந்த வீட்டில் அவளால் யாரைப் பிடிக்க முடியும்?

ஓகினோ மனைவியின் காலடியில் மண்டியிட்டார். கண்ணீர் பொங்கி வந்தது, துடைக்கவில்லை. கையில் கேமரா இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார். காதோரம் ஒரு மச்சம். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. எல்லாம் புதிதாக இருந்தன.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

சவாகோவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சுளையை அவர் வாயில் திணித்தாள்.

"ஏங்க இப்படி உத்துப் பார்க்கறீங்க? நான் என்ன, போன வாரம் வந்த கேமராவா?"