இறங்க விடாத சைக்கிள்

அந்தப் பழைய மெட்டடோர் வேன் விக்கிரமங்கலத்து ஏரிக்குள் இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். தொண்ணூற்றெட்டாம் வருஷம், பங்குனி மாதம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண் மேல் புழுதி மாவாகப் படிந்து கிடந்தது. கரைக்கு அப்பால் முந்திரிக்காடு. உதிர்ந்த பழங்களின் புளித்த வாடை நகராமல் அங்கேயே நின்றது.

வேன்தான் அவர்களுக்கு வீடு. ஒரு பக்கம் ஸ்டவ்வும் பாத்திரமும், மறுபக்கம் மைக்செட்டும் பாயும், நடுவில் ஒரு சைக்கிள். ஊர் ஊராகப் போய், கம்பம் நட்டு, அதைச் சுற்றி ஏழு நாள் தரையில் கால் படாமல் சைக்கிள் ஓட்டுவது அவர்கள் பிழைப்பு. தின்பதும் குளிப்பதும் கண் அயர்வதும் சைக்கிள் மேல்தான். மைக்கில் பேசுவது ராசாங்கம். வேன் ஓட்டுவது மாயவன். சைக்கிள் மிதிப்பது ராசாங்கத்தின் மனைவி பஞ்சவர்ணம்.

ஆனால் அவள் சைக்கிளைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஓர் ஆட்டத்தில் விழுந்து முழங்கால் உடைந்தது. அவளுக்குப் பதிலாக ராசாங்கம் ஏற்றியது அவள் தங்கை வேம்புவை. பத்தொன்பது வயசு.

போன ஐப்பசியில், பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஊரில், ஐந்தாம் நாள் வேம்புவுக்குக் காய்ச்சல் கண்டது. சுற்றி வரும்போதெல்லாம் அக்காவைப் பார்த்து, "எறங்கட்டுமாக்கா?" என்றாள். பஞ்சவர்ணம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "இன்னும் ஒரு நாளு பல்லக் கடிச்சுக்க தாயி" என்றாள். மறுநாள் உச்சிவெயிலில் வேம்பு சைக்கிளோடு சாய்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதே சைக்கிளைத்தான் ராசாங்கம் இப்போது கம்பத்தடியில் நிறுத்தினான்.

"ஏறு."

"காலு நடுங்குதுங்க."

"மிதிச்சா நிக்கும். ஊரே வந்து நிக்குது பாரு. ஏறுடி."

ஏறினாள். கால் மறக்கவில்லை. முதல் பத்துச் சுற்றில் உடம்பு தானாகச் சாய்ந்து வளைந்தது. கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் உச்சிப் பொழுது. ஊர் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடங்கிவிட்டது. மாயவன் டீசல் வாங்கக் கேனோடு பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போயிருந்தான். வேனில் ராசாங்கம் வாயைப் பிளந்து தூங்கினான். செயின் உரசும் சத்தத்தைத் தவிர ஏரிக்குள் வேறு சத்தமே இல்லை.

மிதி கனத்தது.

காற்று இறங்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். முன்சக்கரம் கல் மாதிரி இருந்தது. பின்சக்கரம் மட்டும் நசுங்கி ஓடியது. கேரியரில் ஆள் உட்கார்ந்தால் நசுங்குமே, அப்படி.

அவள் முதுகில் சூடு பரவியது. வெயில் சூடு இல்லை. காய்ச்சல்காரர்களைத் தொட்டால் தெரியுமே, அந்தச் சூடு. வியர்வையும் வாந்தியும் கலந்த ஒரு வாடை.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

காதோரம் ஒரு குரல். நா வறண்ட குரல்.

"எறங்கட்டுமாக்கா?"

பஞ்சவர்ணத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எறங்கு தாயி. எறங்கிடு."

பின்சக்கரம் நிமிர்ந்தது. மிதி இலவம்பஞ்சாக லேசானது. அவள் அரைவட்டம் சுற்றி வந்தபோது புழுதியில் ஒரு பெண்ணின் பாதச் சுவடுகள் தெரிந்தன. வட்டத்திலிருந்து புறப்பட்டு அவை நேராக வேன் வரைக்கும் போயிருந்தன.

திரும்பி வந்த சுவடு இல்லை.

பஞ்சவர்ணம் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள்.

சாயங்காலம் கூட்டம் கூடிய பிறகுதான் அவள் இறங்கிவிட்டது ராசாங்கத்துக்குத் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தான். "என் மானத்த வாங்கிட்டியேடி! நான் மிதிச்ச காலத்துல பத்து நாளு எறங்காதவன்டா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்து வருஷம் கழித்துத் தானே சைக்கிளில் ஏறினான். விசில் பறந்தது.

விடிந்ததும் அவள் அவனுக்கு டீ கொண்டுபோனாள். ராசாங்கத்தின் முகம் வெளுத்திருந்தது.

"பஞ்சு, மிதிய வுட்டுக் காலு வர மாட்டேங்குது."

"நரம்பு புடிச்சுக்கிச்சா?"

"இல்லடி. யாரோ ஒருத்தி புடிச்சிருக்கா. ரெண்டு கணுக்காலையும்."

மாயவன் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். சைக்கிள் அவனைப் பத்தடி இழுத்துக்கொண்டு போய்ப் புழுதியில் தள்ளிவிட்டது. பிரேக் கட்டை புகைந்து கருகியது. சக்கரம் நிற்கவில்லை. அதற்குள் கூடிவிட்ட ஜனங்கள் இதையும் ஒரு வித்தை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

வெயில் ஏறியது. ராசாங்கத்தின் உதடு வெடித்தது. கால்வழியே மூத்திரம் இறங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் அவளைப் பார்த்துக் கெஞ்சினான்.

"அவளுக்கு நீ அக்கா. நீ சொன்னா வுட்டுடுவா. சொல்லு பஞ்சு... ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தைதான். அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. வேம்புவைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது, "கூட்டம் கலையறதுக்குள்ள துண்ட ஏந்திக் காச வாங்குடா" என்று இதே ஆள் மாயவனிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

பஞ்சவர்ணம் வார்த்தையை விழுங்கினாள். மைக்கை எடுத்தாள்.

"அன்பான பொதுமக்களே! நம்ம ராசாங்கம் அண்ணன், சோறு தண்ணி இல்லாம, உங்களுக்காக மிதிக்கிறாரு. நல்லா கைதட்டுங்க!"

தட்டினார்கள். சாயங்காலமும் தட்டினார்கள். மறுநாளும் தட்டினார்கள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் சைக்கிள் தானாகச் சாய்ந்தது. ராசாங்கத்தைத் தூக்கி வேனில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான் மாயவன். வழி முழுக்க, கண் சொருகிக் கிடந்தவனின் கால்கள் அந்தரத்தில் மிதித்துக்கொண்டே இருந்தன. பாத்திரங்கள் உதைபட்டு உருண்டன.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கால்களைக் கட்டினார்கள். கட்டு அறுந்தது. ஊசி போட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. ஐந்து மணிக்குக் கால்கள் தாமாக நின்றன. டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைத் துணியை முகம் வரை இழுத்து மூடிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

நர்ஸ் அலறினாள்.

துணிக்கு அடியில் ஒரு முழங்கால் மேலே வந்தது. இறங்கியது. மற்றது வந்தது. அவசரமே இல்லாமல், மேடு ஏறுகிறவன் மிதிப்பது போல.

வார்டில் இருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். பஞ்சவர்ணம் மட்டும் கட்டிலருகே போனாள். "போதும் வேம்பு, வுட்டுடு" என்று முணுமுணுத்து, அந்த முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

ஜில்லென்றிருந்த முழங்கால் அவள் கையையும் சேர்த்து மேலே தூக்கியது.