கன்னத்தில் வெளுத்த விரல்கள்

காலை 8.10. முன்னறைச் சக்கர நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி பெரியவர் உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. வலது கன்னமும் தோளும் கருநீலம் பாய்ந்திருந்தன. வலது கை, விழுகிற அடியைத் தடுப்பதுபோல முகத்தருகே உயர்ந்து நின்றது.

"அடிச்சே கொன்னுட்டா, சார்!" ஆறு வருடம் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, வருவதாக முந்தின நாள்தான் தகவல் சொல்லி, அன்று ஏழரைக்குத்தான் வீட்டு வாசலை மிதித்த மகள் நர்ஸைக் காட்டினாள். பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைக் காலையும் மாலையும் வந்து கவனிப்பவள் அந்த நர்ஸ். இன்று கையில் விலங்கு ஏறினால், அப்புறம் எந்த வீடும் அவளுக்குக் கதவு திறக்காது. செய்தி கேட்டு ஓடிவந்து, சுவரோரம் நின்று அழுது அழுது அவள் முகமே வீங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'மன்னிப்பு' என்று பட்டப்பெயர். செத்தவர்களிடம்கூட அனுமதி கேட்காமல் தொடமாட்டார். கிண்டலுக்கெல்லாம் அசருகிற ஆளும் இல்லை.

"கொஞ்சம் மன்னிக்கணும், ஐயா" என்று குனிந்தார். தாடை இறுகியிருந்தது. உயர்ந்த கை இறங்க மறுத்தது. கன்னத்து நீலத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நிறம் கொஞ்சமும் விலகவில்லை. நீலத்துக்கு நடுவே நான்கு வெள்ளைக் கோடுகள், விரல் விரலாக.

"காலைல எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறு மணிக்கு, சார்" என்றாள் நர்ஸ். "உள்ளயே வரல. தூங்குறார், பத்து மணிக்கு வான்னு அம்மா வாசலோட அனுப்பிட்டாங்க."

"பொய்!" என்றாள் மகள். "ஆறு மணிக்கு முழிச்சிருந்து என்னைக் கேட்டாராம். அம்மாவே சொன்னாங்க."

அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா எப்படிம்மா படுப்பார்?"

"வலது பக்கமா... சுவரைப் பார்த்து."

8.25. இன்ஸ்பெக்டர் மகளை உட்காரச் சொன்னார்.

"அறைஞ்சா விரல் பட்ட இடம்தான் சிவக்கும். இங்க சுத்தி நீலம், விரல் மட்டும் வெளுப்பு. இது அடி இல்லம்மா. மூச்சு நின்னதும் ரத்தம் ஓடாது. உடம்புல எந்தப் பக்கம் கீழ இருக்கோ அங்க போய்த் தங்கிடும், அழுந்தின இடத்தை மட்டும் விட்டுட்டு. அப்பா உள்ளங்கையைக் கன்னத்துக்கு அண்டக்கொடுத்துத் தூங்கியிருக்கார். அதெல்லாம் அவரோட விரல்தான்."

"அப்போ..."

"அழுத்தினாலும் மாறாத அளவுக்கு நீலம் நிலைக்க எட்டு மணி நேரமாவது ஆகும். ராத்திரி பத்து மணி வாக்குலயே தூக்கத்துல போயிட்டார். ஆறு மணிக்கு யாரையும் கேட்டிருக்க முடியாது." அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "தினம் தூக்கி உட்காரவெச்ச கை உங்களோடது, அம்மா. முழங்கால் மடங்கியே விறைச்சதால நாற்காலியும் ஒத்துக்கிச்சு. அந்தக் கையை மட்டும் உங்களால இறக்க முடியல, இல்லையா?"

அம்மா உடைந்துபோனார்.

"அஞ்சு மணிக்குத் தொட்டேன், சில்லுனு இருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார், சார். அப்படியே பார்த்தா, அப்பா கோபம் தீராமலே போயிட்டார்னு இவ காலம் பூரா நினைச்சு அழுவாளே. எனக்காகக் காத்திருந்தார்னு நினைக்கட்டும்னுதான்... பழி இந்தப் பொண்ணு தலையில விழுந்ததும் எனக்கு நாக்கே எழும்பல." நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

மகள் நாற்காலியின் காலடியில் சரிந்து உட்கார்ந்தாள். "அப்போ நிஜமாவே கோபத்தோடதான் போனாரா?"

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா... அம்மாகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தார். நேத்து சாயந்தரம் ரெண்டு தடவை ஷேவ் பண்ணச் சொன்னார். முடிச்சதும் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தார். 'சின்னப் பிள்ளையில முத்தம் கொடுக்கப் போனா, குத்துதுன்னு ஓடிடுவா. நாளைக்கு ஓட மாட்டாள்ல?'ன்னு கேட்டார்."

மகள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அப்பாவின் வழுவழுப்பான தாடையில் முத்தம் கொடுத்தாள்.